முற்றத்துக்கு வந்த பள்ளிக்கூடம்

தமிழ்நாட்டுச் சிற்றூர்களில் 'பால்வாடி' என்னும் சொல்லை அறியாத தாய்மார் இல்லை. குழந்தைகளுக்குப் பாலும் சத்துணவும் வழங்கும் இடமாதலின் அதற்குப் பால்வாடி என்று பெயர் வந்ததென நம்மில் பலர் எண்ணிக்கொண்டிருக்கிறோம். எண்ணம் இனிமையானதே, ஆயினும் உண்மை வேறு. அச்சொல்லில் உள்ள 'பால்' பசுவின் மடியிலிருந்து வந்ததன்று. பாலன், பாலகன், பாலர் பள்ளி என நாம் வழங்கும் சொற்களில் நிற்கும் 'பால' என்பதே அது. 'வாடி' என்பது மராத்தியிலும் குஜராத்தியிலும் தோட்டத்தைக் குறிக்கும். ஆகவே பால்வாடி என்றால் குழந்தைகளின் தோட்டம். அதன் உடன்பிறப்பாகிய 'அங்கன்வாடி' என்ற சொல்லில் வரும் 'அங்கன்' என்பதோ வீட்டு முற்றம்.

இவ்விரு சொற்களும் மேற்குக் கடற்கரையிலிருந்து நம் ஊருக்கு வந்தவை. அவற்றின் பின்னே ஒரு வரலாறு இருக்கிறது. தாயகத்தை விட்டு வந்து அகமதாபாத்திலும் மும்பையிலும் புணேயிலும் சூரத்திலும் வாழும் நாம், அவ்வரலாறு நிகழ்ந்த இடங்களை அன்றாடம் கடந்து செல்கிறோம். அண்டை வீட்டாரின் பெருமையை அறிந்துகொள்வது நல்ல குடித்தனத்துக்கு அழகு. அன்றியும் அவ்வரலாற்றில் நம் வீட்டுக் குழந்தைகளுக்கான ஒரு செய்தியும் அடங்கியிருக்கிறது. ஆதலின் அதனைச் சற்று விரிவாகவே இங்கு நோக்குவோம்.

பழங்காலத்துத் திண்ணைப் பள்ளிக்கூடத்தை நாம் பாட்டன்மார் வாய்மொழியாகக் கேட்டிருக்கிறோம். மணலில் விரலால் எழுத்தை எழுதிப் பழகுதல், உரக்கச் சொல்லி ஒப்பித்தல், தவறினால் பிரம்படி. அதற்கும் அடங்காதவனைக் கயிற்றில் தொங்கவிடும் 'கோதண்டம்' என்ற தண்டனை. பின்னர் ஆங்கிலேயர் ஆட்சியில் வந்த பள்ளிகளில் திண்ணை போய் விசுப்பலகை வந்தது; ஓலை போய் அச்சுப் புத்தகம் வந்தது; பிரம்பு மட்டும் போகவில்லை. ஆண்டுக்கு ஒருமுறை வரும் இன்ஸ்பெக்டரின் கேள்விகளுக்கு விடை சொல்லப் பழக்குவதே படிப்பென்று ஆயிற்று. இரு முறைகளிலும் பேசுபவர் ஆசிரியர், கேட்பவன் மாணவன். எதை, எப்போது, எவ்வளவு கற்பது என்பதைக் குழந்தை தானே தெரிந்தெடுக்கலாம் என்ற எண்ணத்துக்கு அங்கே இடமில்லை.

அவ்வெண்ணத்துக்கு இடமளித்த முயற்சிகள் 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் உலகின் பல மூலைகளிலும் தோன்றின. வங்காளத்தில் கவியரசர் தாகூர் 1901-இல் சாந்திநிகேதனத்தில் மரத்தடியில் ஒரு பள்ளியைத் தொடங்கினார். இத்தாலியில் மருத்துவராக விளங்கிய மரியா மாண்டிசோரி அம்மையார் 1907-ஆம் ஆண்டு ஜனவரி 6-ஆம் நாள், ரோமாபுரியின் ஏழைத் தொழிலாளர் குடியிருப்பாகிய சான் லொரென்சோவில், 'குழந்தைகள் இல்லம்' ஒன்றைத் திறந்தார். பெற்றோர் வேலைக்குச் சென்றபின் மாடிப்படிகளிலும் சுவர்களிலும் கிறுக்கித் திரிந்த சின்னஞ்சிறார்களைக் காப்பதற்கே அவ்வில்லம் ஏற்பட்டது. ஆனால் அங்கே அம்மையார் கண்ட காட்சி கல்வியுலகின் போக்கையே மாற்றிற்று.

ஒரு நீண்ட மரக்கட்டையில் வெவ்வேறு அளவுள்ள 10 குழிகள். அவற்றில் பொருந்தும் 10 மர உருளைகள். 3 வயதுச் சிறுமி ஒருத்தி அவற்றை எடுப்பதும், கலப்பதும், மீண்டும் உரிய குழியில் இடுவதுமாக இருந்தாள். சுற்றிலும் மற்றக் குழந்தைகள் பாடினர், அவள் நிமிரவில்லை. அவள் அமர்ந்திருந்த நாற்காலியையே தூக்கி மேசைமேல் வைத்தனர். அப்போதும் உருளைகளை மடியில் அணைத்துக்கொண்டு தன் வேலையைத் தொடர்ந்தாள். 40 தடவைக்கு மேல் அவ்வாறு செய்தபின், களைப்பின் சாயலின்றி, நன்கு உறங்கி எழுந்தவள் போல மலர்ந்த முகத்துடன் தானாகவே நிறுத்திக்கொண்டாள். யாரும் அவளை ஏவவில்லை. யாரும் பரிசு காட்டவில்லை.

இக்காட்சியிலிருந்து பிறந்த கொள்கைகள் சில. குழந்தை தன்னைத் தானே வளர்த்துக்கொள்ளும் ஆற்றலுடன் பிறக்கிறது. ஒவ்வொரு திறமைக்கும் ஒரு பருவம் உண்டு. அப்பருவத்தில் அத்திறமையைக் குழந்தை தாகத்துடன் நாடும். பெரியவர் செய்யவேண்டியது, குழந்தையின் கைக்கெட்டும் உயரத்தில் தக்க கருவிகளை ஒழுங்குற வைத்துவிட்டு விலகி நின்று கவனித்தலே. கருவியே பிழையைக் காட்டிக்கொடுக்கும். தவறான குழியில் இட்ட உருளை உள்ளே செல்லாது, அல்லது ஆடும். ஆதலின் 'தவறு' என்று சொல்ல ஆசிரியரின் அதட்டல் வேண்டுவதில்லை. உப்புத்தாளில் வெட்டி ஒட்டிய எழுத்துகளை விரலால் தடவித் தடவிக் கை எழுத்தின் வடிவத்தை உணர்ந்தபின் எழுதுவது எளிதாகிறது. நம் திண்ணைப் பள்ளியின் மணலும் இதையே செய்தது எனலாம். எழுத்து விரல் வழியாகவும் மனத்துள் புகும் என்பதை நம் முன்னோர் அறிந்திருந்தனர். அங்கே இல்லாதது குழந்தையின் விருப்பம் ஒன்றே.

இக்கொள்கைகள் இந்திய மண்ணில் வேர்கொண்ட இடங்களில் தலைசிறந்தது கத்தியவாரில் உள்ள பாவ்நகர். அந்நாளில் அது ஒரு சுதேச சமஸ்தானத்தின் தலைநகர். காந்தியடிகள் 1888-இல் சில மாதங்கள் பயின்ற சாமள்தாஸ் கல்லூரி இருந்த ஊர். அவ்வூரில் 1910-ஆம் ஆண்டு, நானாபாய் பட் என்ற பேராசிரியரின் முயற்சியால், மாணவர் விடுதியாகத் தோன்றியது தட்சிணாமூர்த்தி என்னும் பெயர் தாங்கிய நிறுவனம். ஆலமர நிழலில் அமர்ந்து, வாய் திறவாமல் மௌனத்தாலேயே சீடர்களின் ஐயத்தைப் போக்கிய ஆதிகுருவைத் தமிழ்நாட்டுச் சிவன் கோயில்களின் தென்சுவரில் நாம் வணங்கி வளர்ந்திருக்கிறோம். மௌன குருவின் பெயர் கொண்ட அந்நிறுவனமே, ஆசிரியர் வாயடக்கிக் குழந்தை செயல்படும் கல்விக்கு உறைவிடமானது எத்துணைப் பொருத்தம்!

அதனை அங்கே நிகழ்த்தியவர் கிஜுபாய் பதேக்கா. கிரிஜாசங்கர் என்பது அவரது இயற்பெயர். 1885-ஆம் ஆண்டு நவம்பர் 15-ஆம் நாள் பிறந்த அவர், பிழைப்பை நாடி 1907-இல் கிழக்கு ஆப்பிரிக்காவுக்குக் கப்பலேறியவர். பிறந்த மண்ணைப் பிரிந்து வாழ்வதன் அருமை தெரிந்தவர் என்ற முறையில் அவர் நமக்கு அயலார் அல்லர். திரும்பி வந்து பம்பாயில் சட்டம் பயின்று வழக்கறிஞரானார். 1913-இல் அவருக்கு ஒரு மகன் பிறந்தான். அக்குழந்தையைத் தாம் படித்தது போன்ற பள்ளிக்கு அனுப்ப அவருக்கு மனம் வரவில்லை. பின் எவ்வாறு கற்பிப்பது என்று தேடியபோது மாண்டிசோரி அம்மையாரின் முறையைப் பற்றிய நூல்கள் அவர் கைக்குக் கிடைத்தன. ஒரு தந்தையின் கவலை ஒரு நாட்டின் கல்வி வரலாற்றில் திருப்பமாக அமைந்தது.

வருவாயுள்ள வழக்கறிஞர் தொழிலை விட்டு 1916-இல் அவர் தட்சிணாமூர்த்தி நிறுவனத்தில் சேர்ந்தார். பெரிய மாணவரிடையே சில ஆண்டுகள் பணிபுரிந்தபின், அடித்தளம் அதற்கு முன்பே இடப்பட்டுவிடுகிறது என்பதைக் கண்டார். 1920-இல், பள்ளி வயதை எட்டாத சிறு குழந்தைகளுக்காக 'பாலமந்திர்' என்ற பள்ளியைத் தொடங்கினார். 1922-இல் பாவ்நகரின் தக்தேசுவரர் குன்றருகே எழுந்த அதன் புதுக் கட்டடத்தை அன்னை கஸ்தூர்பா திறந்து வைத்தார்.

பாலமந்திரின் நடைமுறை அக்காலத்தவருக்கு வியப்பளித்தது. அங்கே அடி இல்லை, வசை இல்லை. முதல்வன், கடையன் என்ற வரிசை இல்லை, பரிசுகூட இல்லை. தண்டனைக்கு அஞ்சிச் செய்யும் வேலையும் பரிசுக்கு ஆசைப்பட்டுச் செய்யும் வேலையும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகளே என்பது கிஜுபாயின் கருத்து. இரண்டிலும் குழந்தை தன் வேலையைப் பார்ப்பதில்லை. பெரியவரின் முகத்தையே பார்க்கிறது. அங்கே குழந்தைகள் தாமே கருவியை எடுத்து, விரும்பும்வரை வேலை செய்து, எடுத்த இடத்தில் திரும்ப வைத்தனர். தண்ணீர் மொண்டு ஊற்றுதல், பொத்தான் போடுதல், பெருக்குதல் ஆகியவையும் பாடங்களே. 'அமைதி விளையாட்டு' என ஒன்று உண்டு. எல்லோரும் அசையாமல் அமர்ந்து, தொலைவிலுள்ள சிற்றொலியைக் கேட்க வேண்டும். 'சும்மா இரு' என்று அதட்டி உண்டாக்கும் அமைதிக்கும், தானே விரும்பிக் காக்கும் அமைதிக்கும் உள்ள வேற்றுமையைக் குழந்தை அதில் உணர்ந்தது.

ஆயினும் கிஜுபாய் அயல்நாட்டு முறையை அப்படியே பெயர்த்து நட்டவர் அல்லர். மாண்டிசோரி அம்மையார் சிறு குழந்தைகளுக்குத் தேவதைக் கதைகளைச் சொல்வதில் தயக்கம் காட்டினார். உண்மை உலகை முதலில் அறியட்டும் என்பது அவர் கருத்து. கிஜுபாயோ கதையைக் கல்வியின் நடுவீட்டில் வைத்தார். கத்தியவார்ப் பாட்டிமார் சொல்லிவந்த நாடோடிக் கதைகளைத் தேடித் திரட்டிக் குழந்தைகளின் பேச்சுமொழிக்கு நெருங்கிய குஜராத்தியில் எழுதினார். பாட்டு, நாடகம், மண்வேலை, தோட்டம், ஊர்சுற்றிப் பார்த்தல் ஆகியவற்றையும் சேர்த்தார். எல்லாம் தாய்மொழியில். ஆங்கிலம் அறிந்த வழக்கறிஞர், தம் வாழ்நாளில் ஏறக்குறைய 200 நூல்களைத் தாய்மொழியிலேயே எழுதிக் குவித்தார். குழந்தைகளும் பெற்றோரும் அவருக்குச் சூட்டிய பெயர் 'மூச்சாளி மா'. அதாவது, மீசை வைத்த அம்மா. எந்தப் பல்கலைக்கழகப் பட்டம் இதற்கு ஈடாகும்?

அவர் நூல்களுள் புகழ் வாய்ந்தது 1930-களின் தொடக்கத்தில் வந்த 'திவாஸ்வப்னம்'. 'பகல் கனவு' என்ற பெயரில் அது தமிழிலும் கிடைக்கிறது. கதை போல அமைந்த அந்நூலில் ஓர் ஆசிரியர், கல்வி அதிகாரியிடம் அனுமதி பெற்று 4-ஆம் வகுப்பு ஒன்றில் ஓராண்டுச் சோதனையை மேற்கொள்கிறார். முதல் நாள் மிக்க நம்பிக்கையுடன் அமைதி விளையாட்டை நடத்தப் பார்க்கிறார். பையன்கள் கூச்சலிட்டும் மேசையைத் தட்டியும் வகுப்பைச் சந்தைக்கடை ஆக்கிவிடுகிறார்கள். ஏட்டுக் கொள்கை முதல் நாளே சறுக்குகிறது! ஆசிரியர் மனம் தளராமல், மறுநாள் ஒரு கதையைத் தொடங்குகிறார். கூச்சல் தானே அடங்குகிறது. மணி அடித்த பின்னும் பையன்கள் எழ மறுக்கிறார்கள். பிறகு பாடநூல் வாங்கும் பணத்தைத் திரட்டி வகுப்புக்கென ஒரு நூலகம் அமைக்கிறார். நகமும் தொப்பியும் தலைமயிரும் எப்படி இருக்கின்றன என்று ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளச் செய்கிறார். பையன்கள் ஒப்பனையின்றியே நாடகம் நடிக்கிறார்கள். ஏனைய ஆசிரியர்கள் நகைக்கிறார்கள், பெற்றோர் ஐயுறுகிறார்கள், அதிகாரி பாடத்திட்டத்தை நினைவூட்டுகிறார்.

இந்நூலின் சிறப்பு அதன் நேர்மை. சுதந்திரம் கொடுத்துவிட்டால் மறுகணமே எல்லாம் மலர்ந்துவிடும் என்று அது சொல்லவில்லை. அடக்குமுறையில் வளர்ந்த பிள்ளைகள் சுதந்திரத்தை முதலில் கூச்சலாகவே வெளிப்படுத்துவர் என்பதையும், அதைப் பொறுத்துக்கொண்டு அவர்களின் ஆர்வம் எங்கே விழிக்கிறது என்று பார்ப்பதே ஆசிரியரின் தவம் என்பதையும் அது காட்டுகிறது. தானே கற்றல் என்பது குழந்தையைத் தன் போக்கில் விட்டுவிடுதல் அன்று. விட்டுவிடுவது எளிது, அடிப்பதும் எளிது. அருகிலிருந்தும் தலையிடாதிருப்பதே அரிது.

பாவ்நகரில் கிஜுபாய்க்குத் துணை நின்றவர் தாராபாய் மோடக் அம்மையார். 1892-இல் மும்பையில் பிறந்து பட்டம் பெற்று, ராஜ்கோட்டில் பெண்களுக்கான ஆசிரியப் பயிற்சிக் கல்லூரியின் முதல்வராக விளங்கியவர் அவர். நல்ல சம்பளமுள்ள அப்பதவியைத் துறந்து 1920-களின் தொடக்கத்தில் பாலமந்திரில் சேர்ந்தார். 1926-இல் இருவரும் முன்னின்று 'நூதன பால சிக்ஷண சங்கம்' என்ற அமைப்பை ஏற்படுத்தினர். ஆசிரியைகளுக்குப் பயிற்சி, பெற்றோருக்குப் பத்திரிகை, ஊர் ஊராகக் கூட்டம் எனப் பணி பெருகிற்று. பிற்பாடு மும்பைக்குத் திரும்பிய தாராபாய் 1936-இல் தாதரில் 'சிசு விகார்' என்ற குழந்தைப் பள்ளியைத் தொடங்கினார். தமிழரின் மாட்டுங்காவுக்கு அண்டை வீடு தாதர் என்பதை மும்பை அன்பர்களுக்குச் சொல்ல வேண்டுவதில்லை.

1939-ஆம் ஆண்டு ஜூன் 23-ஆம் நாள் கிஜுபாய் காலமானார். அதே ஆண்டின் இறுதியில், யாருடைய நூல்கள் அவர் வாழ்வைத் திருப்பினவோ அந்த மாண்டிசோரி அம்மையார் இந்தியாவுக்கு வந்தார். சில திங்கள் இடைவெளியில் அச்சந்திப்பு நிகழாமற் போயிற்று. அம்மையார் வந்திறங்கி வகுப்பு நடத்திய இடம் நம் சென்னை அடையாறு. பிரம்மஞான சங்கத் தலைவர் அருண்டேலும் ருக்மிணி தேவியும் விடுத்த அழைப்பின் பேரில், அங்கே ஓலைக் கொட்டகைகளில் நடந்த முதற் பயிற்சி வகுப்புக்கு நாட்டின் பல பகுதிகளிலிருந்தும் ஏறத்தாழ 300 பேர் வந்து சேர்ந்தனர். அம்மையாருக்கு அப்போது 69 வயது. சில மாதங்கள் தங்கும் எண்ணத்தில் வந்தவரை உலகப் போர் நிறுத்திவைத்தது. 1940 ஜூனில் இத்தாலி போரில் இறங்கவே, ஆங்கில அரசு அவருடைய மகன் மரியோவைச் சிறைக்காவலில் வைத்தது. அம்மையாரும் நடமாட்டக் கட்டுப்பாட்டுக்கு உள்ளானார். அவ்வாண்டு ஆகஸ்டு 31-இல் வந்த அவரது 70-ஆம் பிறந்தநாளை ஒட்டி மகன் விடுவிக்கப்பட்டார்.

போர்க்காலத்தில் சுமார் இரண்டாண்டுகள் அவர் கொடைக்கானலில் தங்கினார். குளிர்ந்த மலைச்சாரலில் இலை, பாசி, பூச்சி, நீர்த்துளி ஆகியவற்றைக் குழந்தைகளோடு ஆராய்ந்து, உலகம் முழுவதும் ஒன்றோடொன்று பின்னிய குடும்பம் என்று உணர்த்தும் கல்வியை உருவாக்கினார். அவருடைய முதிர்ந்த சிந்தனைகள் அடங்கிய நூல்களுள் சில முதன்முதலில் வெளியானதும் அடையாற்றிலேயே. பிறந்த சில ஆண்டுகளில் குழந்தையின் மனம் சூழ்நிலையை நீரை உறிஞ்சும் பஞ்சு போல ஈர்த்துக்கொள்கிறது என்று விளக்கும் நூல் 1949-இல் அங்கே அச்சாயிற்று. மேற்குக் கடற்கரையிலிருந்து நமக்குப் 'பால்வாடி' வந்தது என்றால், தமிழ் மண்ணிலிருந்தும் பயிற்சி பெற்ற ஆசிரியைகள் நாடெங்கும் சென்றனர். கொண்டும் கொடுத்தும் வளர்ந்த உறவு இது.

ஆனால் இத்துணைப் புகழுக்கிடையே ஒரு முள் உறுத்திக்கொண்டிருந்தது. ஏழைத் தொழிலாளரின் குடியிருப்பில் பிறந்த முறை, நம் நாட்டில் வசதியுள்ளோர் குழந்தைகளுக்கு உரியதாகச் சுருங்கிவந்தது. கருவிகள் விலையுயர்ந்தவை, பயிற்சி பெற்ற ஆசிரியைகள் நகரை விட்டு அகல மாட்டார்கள். குழந்தை தன் விருப்பப்படி கற்கலாம் என்பது உண்மையாயின், மாடு மேய்க்கும் குழந்தைக்கும் அது உண்மையாக வேண்டாமா? இக்கேள்வியைத் தமக்குத் தாமே கேட்டுக்கொண்டவர் தாராபாய். தாதரில் நிலைபெற்ற பணியை மற்றவரிடம் ஒப்படைத்துவிட்டு, 1945-ஆம் ஆண்டு இறுதியில், தம் 53-ஆம் வயதில், மும்பைக்கு வடக்கே கடலோரத்தில் உள்ள போர்டி என்னும் சிற்றூருக்குச் சென்றார். அவருடன் சென்றவர் அனுதாய் வாக். பால்ய மணம் முடித்துச் சில மாதங்களிலேயே கைம்பெண்ணாகி, பின்னர் விடாமுயற்சியுடன் படித்து ஆசிரியையானவர் அவர்.

போர்டியில் பள்ளி திறந்தார்கள்; கதவு திறந்தே கிடந்தது. ஊரின் வசதியுள்ள தெருக்களிலிருந்து குழந்தைகள் வந்தன. தீண்டத்தகாதார் எனத் தள்ளி வைக்கப்பட்டிருந்தோரின் சேரியிலிருந்து வரவில்லை. அக்குழந்தைகளின் தாய் தந்தையர் விடிந்தால் கூலிவேலைக்குச் செல்வோர். கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்வது 6, 7 வயது அக்காளின் பொறுப்பு. அவள் எவ்வாறு பள்ளிக்கு வருவாள்? 'அறியாமை, அக்கறையின்மை' என்று பழி கூறிவிட்டுத் திரும்பியிருக்கலாம். அவ்விரு பெண்மணிகளும் அவ்வாறு செய்யவில்லை. குழந்தை பள்ளிக்கு வராவிடில் பள்ளி குழந்தையிடம் செல்லட்டும் என்று முடிவு செய்தனர். சேரிக்கே சென்று, ஒரு வீட்டு முற்றத்தைத் தூய்மை செய்து, குழந்தைகளை நீராட்டித் தலைவாரி, பாட்டும் விளையாட்டும் தொடங்கினர். முற்றத்தில் பிறந்த அத்தோட்டமே அங்கன்வாடி.

1950-களின் பிற்பகுதியில் அவர்கள் அருகிலுள்ள கோஸ்பாட் குன்றுக்குச் சென்று, வார்லிப் பழங்குடி மக்களிடையே பணியைத் தொடர்ந்தனர். சில ஆண்டுகளுக்கு முன், 1945-இல், நிலவுடைமையாளரின் கட்டாய வேலைக்கு எதிராகக் கிளர்ந்தெழுந்த மக்கள் அவர்கள். பள்ளி என்ற சொல்லே அவர்களுக்கு அயலாருடைய சொல். அங்கே தொட்டில் குழந்தைகளுக்கான காப்பகம், பால்வாடி, தொடக்கப் பள்ளி ஆகிய மூன்றையும் ஒரே வளாகத்தில் அமைத்தனர். தம்பியைத் தூக்கி வரும் அக்காள் அவனைக் காப்பகத்தில் விட்டுத் தானும் படிக்கலாம். மாடு மேய்ப்போருக்கு மேய்ச்சல் வெளியிலேயே பள்ளி. பகலில் உழைப்போருக்கு இரவுப் பள்ளி. அயல்நாட்டுக் கருவிகளுக்கு ஈடாகக் கிளிஞ்சல், விதை, சுள்ளி, இலை, கூழாங்கல் ஆகியவை பயன்பட்டன. சிறிது பெரிது, மென்மை வன்மை, எண்ணிக்கை ஆகியவற்றை அறிய மேல்நாட்டு மரமே வேண்டுமென்று எந்தக் குழந்தை கேட்டது? கருவி மாறிற்று, கொள்கை மாறவில்லை. குழந்தை தன் கையால் தொட்டு, தன் வேகத்தில், தன் சூழ்நிலையிலிருந்தே கற்க வேண்டும் என்ற அடிப்படையை அவர்கள் கைவிடவில்லை.

1962-இல் பத்மபூஷண் விருது தாராபாயைத் தேடி வந்தது. 1973-இல் அவர் மறைந்தார். அனுதாய் 1992-இல் மறையும்வரை கோஸ்பாட்டிலேயே உழைத்தார். தாராபாய் மறைந்து இரண்டாண்டுகளுக்குப் பின், 1975-ஆம் ஆண்டு அக்டோபர் 2-ஆம் நாள், மத்திய அரசு ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டத்தை 33 வட்டாரங்களில் தொடங்கியபோது, அதன் மையங்களுக்கு 'அங்கன்வாடி' என்ற பெயரே வழங்கிற்று. இன்று நாடெங்கும் ஏறத்தாழ 14 லட்சம் அங்கன்வாடிகள் உள்ளன. சேரி முற்றத்தில் பிறந்த சொல் இமயம் முதல் குமரிவரை பரவிவிட்டது.

பெயர் பரவிய அளவுக்குப் பொருள் பரவியதா என்பதே நாம் கேட்கவேண்டிய கேள்வி. அங்கன்வாடி உணவும் தடுப்பூசியும் தந்து எண்ணற்ற உயிர்களைக் காத்துவருகிறது. அதன் ஊழியைகளுக்கு நாடு கடன்பட்டிருக்கிறது. எனினும் எடை பார்த்தல், பதிவேடு எழுதுதல், உணவு பங்கிடல் ஆகிய சுமைகளுக்கிடையே குழந்தையின் விளையாட்டும் வேலையும் பல இடங்களில் பின்னுக்குத் தள்ளப்படுகின்றன. மறுபுறம், நகரங்களில் 'மாண்டிசோரி' என்ற பெயர்ப் பலகைகளுக்குக் குறைவில்லை. உள்ளே சென்று பார்த்தால் 3 வயதுக் குழந்தை மேசையில் அமர்ந்து, கோடிட்ட நோட்டில் ஒரே எழுத்தைப் பக்கம் பக்கமாக நிரப்பிக்கொண்டிருக்கும். ஓரிடத்தில் முற்றம் இருக்கிறது, தோட்டம் இல்லை. மற்றோரிடத்தில் பெயர் இருக்கிறது, பொருள் இல்லை.

சட்டம் இன்று குழந்தையின் பக்கம் நிற்கிறது. 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், பள்ளியில் குழந்தையை அடிப்பதையும் மனம் நோகச் செய்வதையும் தடை செய்கிறது. செய்து பார்த்தல், கண்டறிதல் வாயிலாகக் குழந்தையை மையமாகக் கொண்டு கற்பிக்க வேண்டும் என்றும், இயன்றவரை பயிற்றுமொழி தாய்மொழியாக இருக்க வேண்டும் என்றும் அது கூறுகிறது. பாவ்நகரில் 1920-இல் ஒருவர் மேற்கொண்ட விரதம் சட்டமாவதற்கு ஏறத்தாழ 90 ஆண்டுகள் பிடித்தன. ஆனால் 'அருகிலிருந்தும் தலையிடாதே' என்பதைச் சட்டத்தில் எழுத முடியாது. அதை ஒவ்வொரு பெரியவரும் தம் உள்ளத்தில்தான் எழுதிக்கொள்ள வேண்டும்.

இங்கேதான் வெளி மாநிலங்களில் வாழும் நம் நிலையை எண்ணிப் பார்க்கிறோம். நம் குழந்தைக்கு வீட்டில் ஒரு மொழி, தெருவில் ஒரு மொழி, பள்ளியில் மற்றொரு மொழி. அது பின்தங்கிவிடுமோ என்ற அச்சம் நம்மை வாட்டுகிறது. அந்த அச்சத்தில் நாம் அவசரப்படுகிறோம். பேசத் தொடங்கும் முன்னரே திருத்துகிறோம். சட்டையை மாட்டும் முன்னரே நாமே மாட்டிவிடுகிறோம். விருந்தினர் முன் ஆங்கிலப் பாட்டை ஒப்பிக்கச் சொல்கிறோம். சில வீடுகளில் தமிழையே விலக்கிவிடுகிறோம். குழந்தையின் மனம் சூழ்நிலையிலுள்ள மொழிகளை இயல்பாகவே ஈர்த்துக்கொள்ளும் என்று அடையாற்றில் போதித்தார் அம்மையார். அண்டை வீட்டுத் தோழர்களிடம் மராத்தியையோ குஜராத்தியையோ நம் குழந்தை விளையாட்டிலேயே கற்றுவிடுவதை நாம் கண்ணாரக் காண்கிறோம். தமிழையோ வீட்டில் நாம் பேசினாலன்றி அது வேறெங்கும் கேளாது.

ஆகவே நாம் செய்யக்கூடியவை பெரியன அல்ல. குழந்தையின் கைக்கெட்டும் உயரத்தில் ஒரு தட்டு. அதில் அதன் டம்ளர், துண்டு, சில புத்தகங்கள். அரிசி களையும்போதும் பருப்பு ஆயும்போதும் அருகில் அமர்த்திக்கொண்டால், கோஸ்பாட்டின் விதையும் கிளிஞ்சலும் நம் அடுக்களையிலேயே கிடைக்கும். பொத்தான் போட அது எடுத்துக்கொள்ளும் 5 நிமிடத்தை அதற்குக் கொடுப்போம். இரவில் விளக்கணைக்குமுன் ஒரு கதை, தமிழில். அக்கதையின் முடிவில் நீதி என்ன என்று வினவித் தேர்வு நடத்தாதிருப்போம்.

அடுக்குமாடிக் குடியிருப்பில் வாழும் நமக்கு முற்றம் ஏது என்று சிலர் கேட்கலாம். போர்டியில் அவ்விரு பெண்மணிகள் தேடிச் சென்றது செங்கல் பாவிய முற்றத்தை அன்று. குழந்தை இருக்கும் இடத்தை. அவ்விடம் நம் கூடத்தின் ஒரு மூலையாகவும் இருக்கலாம். அங்கே சிறிது இடம் ஒதுக்கி, கருவியை வைத்து, கதையைச் சொல்லி, பிறகு தட்சிணாமூர்த்தியைப் போல நாம் மௌனமாக அமர்ந்திருப்போம்.